64 மைக்ரோ வினாடிக்கு ஒரு கோடு

நொடிக்கு 15,625 கோடுகள். நம் நாட்டு வீடுகளில் இருந்த பழைய குழாய் டிவிகள் எல்லாம் இந்த வேகத்தில்தான் திரையில் படம் வரைந்தன. 1982-ல் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது இந்தியா எடுத்துக்கொண்ட பி.ஏ.எல். முறையின் கணக்கு அது. ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். இரண்டையும் பெருக்கினால் 15,625.

இன்னொரு கணக்கு ஜப்பானில் பிறந்தது. ஒசாகா நகரத்து கேப்காம் நிறுவனம் 1988-ல் சிபிஎஸ்-1 என்ற ஆர்கேட் போர்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை அது. அதன் படப் பகுதி நொடிக்கு 80 லட்சம் புள்ளிகளைத் திரைக்கு அனுப்பும். ஒரு கோட்டுக்கு 512 புள்ளிகள். 80 லட்சத்தை 512-ஆல் வகுத்தால் மீதியே இல்லாமல் வரும் விடை 15,625.

இத்தனைக்கும் ஜப்பான் வீட்டு டிவிகள் பின்பற்றியது என்.டி.எஸ்.சி. முறையை. அதன் வேகம் நொடிக்கு சுமார் 15,734 கோடுகள். அந்த நாட்டில் உருவான போர்டு அந்த நாட்டு டிவியை விட நம் நாட்டு டிவியோடுதான் கோட்டுக்குக் கோடு துல்லியமாகப் பொருந்துகிறது. இரண்டு கணக்குகளும் தனித்தனி வழியில் வந்து ஒரே எண்ணில் சேர்ந்திருக்கின்றன.

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் உள்ள தோல் தொழில் ஊர்களிலும் அவை வீட்டுக்கு வீடு ஓடின. இன்று பல பரணில் ஏறிவிட்டன. பல காயலான் கடைக்குப் போய்விட்டன. அசல் ஆர்கேட் போர்டை வீட்டில் வைத்துக் குறைந்த செலவில் ஆட விரும்புகிறவருக்கு அந்த டிவியை விடப் பொருத்தமான திரை நம் ஊரில் கிடையாது. ஏன் என்று பார்ப்போம்.

பெட்டிக்குள் ஒரு பலகை

1990-களில் நம் சிறு நகரங்களில் வீடியோ கேம் கடைகள் இருந்தன. இருட்டறை, வரிசையாக மரப் பெட்டிகள், காசு போட்டால் ஆட்டம். அந்தக் கடைகளில் ‘முஸ்தபா’ என்று எல்லோரும் அழைத்த ஆட்டத்தின் உண்மைப் பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த ‘ஜீனோசோயிக் டேல்ஸ்’ சித்திரக் கதையை வைத்து கேப்காம் 1993-ல் வெளியிட்டது. அதில் ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் நான்கு பேரில் ஒருவன் முஸ்தபா கெய்ரோ. இந்தியா முழுவதும் பையன்கள் அவன் பெயரையே ஆட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். தெருவுக்கு ஒரு முஸ்தபா இருக்கும் ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்தில் அந்தப் பெயர் இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

அந்த மரப் பெட்டிக்குள் ஒரு குழாய்த் திரை, மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்., ஒலிபெருக்கி, கைப்பிடிகளும் பட்டன்களும், காசு வாங்கும் பொறி, ஒரு போர்டு ஆகியவை இருக்கும். ஆட்டம் முழுவதும் போர்டில்தான் இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்குக் கூட்டம் குறைந்தால் கடைக்காரர் போர்டைக் கழற்றி வேறொன்றைச் செருகுவார். பெட்டி அப்படியே இருக்கும். அதனால்தான் போர்டுகள் பெட்டியை விட்டுத் தனியாக உலகெங்கும் கை மாறுகின்றன. வீட்டில் ஆட விரும்புகிறவர் ஆள் உயரப் பெட்டியை வாங்கி, ஏற்றி இறக்கி, அதற்கு இடம் தேட வேண்டியதில்லை. பெட்டி செய்த வேலைகளைப் பழைய பொருட்களைக் கொண்டு நாமே செய்துகொள்ளலாம். அப்படிச் செய்யும் அமைப்பை இந்தக் கலையில் ஈடுபட்டவர்கள் ‘சூப்பர்கன்’ என்கிறார்கள்.

கதிரின் நடை

குழாய் டிவிக்குள் ஓர் எலக்ட்ரான் கதிர் ஓடுகிறது. திரையின் உட்புறம் பூசிய பாஸ்பரத்தில் அது படும் இடம் ஒளிரும். மின்காந்தச் சுருள்கள் கதிரை இடமிருந்து வலமாக இழுக்கும். ஒரு கோடு முடிந்ததும் இடப்பக்கம் திருப்பும். ஒவ்வொரு கோட்டுக்கும் சற்றே கீழே இறக்கும். ஒரு கோட்டுக்கு அதற்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோ வினாடி, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் 64 பங்கு.

சிபிஎஸ்-1 அந்த 64 மைக்ரோ வினாடியை எப்படிச் செலவிடுகிறது? ஒரு புள்ளிக்கு எட்டில் ஒரு மைக்ரோ வினாடி. கோட்டில் உள்ள 512 புள்ளிகளில் கண்ணுக்குத் தெரிவது 384. அவற்றுக்கு 48 மைக்ரோ வினாடி போகிறது. மீதி 16 மைக்ரோ வினாடியில் கதிர் இருளில் திரும்பி அடுத்த கோட்டின் தொடக்கத்துக்கு வந்துவிடும். இப்படி 262 கோடுகள் ஆனால் ஒரு சட்டகம். அவற்றில் 224 கோடுகள் படம்; எஞ்சியவை கதிர் திரையின் அடியிலிருந்து உச்சிக்குத் திரும்புவதற்கான அவகாசம். நொடிக்கு 59.64 சட்டகங்கள்.

சாதாரண ஒளிபரப்பில் ஒரு முழுப் படத்தின் 625 கோடுகளும் இரண்டு தவணையாக, 312.5, 312.5 என்று வரும். அந்த அரைக் கோடுதான் சூட்சுமம். அதனால் இரண்டாம் தவணைக் கோடுகள் முதல் தவணைக் கோடுகளுக்கு இடையில் போய் விழுகின்றன. ஆர்கேட் போர்டின் சட்டகத்தில் அரைக் கோடு கிடையாது. 262 முழு எண். ஆகவே ஒவ்வொரு சட்டகமும் முந்தைய சட்டகத்தின் மேலேயே விழுகிறது. இடைவெளிகள் எப்போதும் கருப்பாகவே நிற்கின்றன. பழைய ஆட்டங்களில் தெரியும் அந்த மெல்லிய கருங்கோடுகள் இப்படித்தான் வந்தன. ஓவியர்கள் அந்தத் திரையைப் பார்த்தபடியே புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து வைத்தார்கள். புள்ளியின் ஓரம் பாஸ்பரத்தில் சற்றே கசிந்து பக்கத்துப் புள்ளியோடு சேரும்போதுதான் முகத்தின் நிழலும் தசையின் வளைவும் சரியாக வருகின்றன.

இன்றைய எல்.இ.டி. டிவிக்குக் கதிர் கிடையாது. வரும் சமிக்ஞையை முழுச் சட்டகமாகச் சேமித்து, அளவை மாற்றி, பிறகே காட்டும். பழைய போர்டின் 262 கோட்டுச் சமிக்ஞையைப் பல டிவிகள் இரண்டு தவணைப் படம் என்று தப்பாக எடுத்துக்கொண்டு கலக்கிவிடும். அந்த வேலைக்கான நேரமும் கூடும். பட்டனை அழுத்துவதற்கும் வீரன் குதிப்பதற்கும் இடையே ஒரு தயக்கம் புகுந்துவிடும். இதைச் சரிசெய்ய ஓ.எஸ்.எஸ்.சி., ரெட்ரோடிங்க் போன்ற மாற்றிக் கருவிகள் உண்டு. தரமானவை, விலையும் அதிகம். குழாய் டிவிக்கு அந்தச் செலவே வேண்டாம். போர்டு புள்ளியை அனுப்பும் அதே கணத்தில் கதிர் அதைத் திரையில் இடுகிறது.

ஒரு டை, ஆயிரம் துண்டுகள்

இவ்வளவு வேகமாகப் புள்ளிகளை அனுப்ப அவை எங்கே இருந்தன? 1978-ல் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஓர் இடம் வைத்திருந்தது. 256 பெருக்கல் 224 புள்ளிகள், கருப்பு அல்லது வெள்ளை. மொத்தம் 7,168 பைட்டுகள். அதன் இன்டெல் 8080 சில்லு ஒரு சட்டகத்துக்கு ஓர் எதிரியை மட்டும் நகர்த்தும். திரையில் 55 எதிரிகள் இருந்தால் அனைவரும் ஓர் அடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். சுடச் சுட எண்ணிக்கை குறையும்; மிஞ்சியவர்களின் முறை விரைவாக வரும்; வேகம் கூடும். கடைசி ஒருவன் ஒவ்வொரு சட்டகத்திலும் நகர்வான். ஆடுகிறவரின் நெஞ்சைப் படபடக்க வைத்த அந்த வேகம் அந்தப் பொறியின் இயல்பிலிருந்தே பிறந்தது.

வண்ணம் வந்ததும் புள்ளிக்குப் புள்ளி சேமிப்பது செலவு பிடித்த வேலையாகிவிட்டது. அன்று நினைவகச் சில்லுகளின் விலை அப்படி. ஆகவே பொறியாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கிளிக்கிங் பிரிவைப் பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும். அங்கே ஒவ்வொரு ஷூவுக்கும் தோலைப் புதிதாக அளந்து வெட்டுவதில்லை. மேல்பாகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டை, அதாவது வெட்டு அச்சு, உண்டு. அதைத் தோலின் மேல் வைத்து பிரஸ்ஸை இறக்கினால் துண்டு தயார். ஒரே டை ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தரும். வேறு நிறத் தோலில் வைத்தால் வேறு நிற ஷூ. இரு பக்கமும் வெட்டும் டையைப் புரட்டி வைத்தால் இடது கால் துண்டு வலது கால் துண்டாகிவிடும்.

ஆர்கேட் போர்டும் இதையே செய்கிறது. 8-க்கு 8 அல்லது 16-க்கு 16 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாக எல்லாப் படத்துண்டுகளும் அழியா நினைவகச் சில்லுகளில் இருக்கும். வேலை நினைவகத்தில் ‘இந்த இடத்தில் இன்ன எண் துண்டு, இன்ன நிறத் தொகுதி, புரட்டியதா இல்லையா’ என்ற குறிப்பு மட்டும் இருந்தால் போதும். 1980-ல் டோரு இவாடானி உருவாக்கிய ‘பேக்-மேன்’ திரையில் 28-க்கு 36 என்று 1,008 கட்டங்கள். அவற்றின் எண்ணுக்கு ஒரு கிலோபைட், நிறத்துக்கு ஒரு கிலோபைட். இரண்டே கிலோபைட்டில் வண்ணப் படம் முழுவதும் அடங்கிவிட்டது. சிபிஎஸ்-1-ல் 86,016 புள்ளிகள் கொண்ட திரையை 336 பெரிய கட்டங்களால் மூடிவிடலாம். கதிர் ஒவ்வொரு கோட்டிலும் ஓடும்போது, எந்தக் கட்டத்தின் எந்த வரிசை தேவை என்று பார்த்து மின்சுற்று அந்தப் புள்ளிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

புரட்டும் வசதிக்கு ஓர் அழகான சாட்சி உண்டு. 1991-ல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆட்டத்தில் சாகட் என்ற வீரனுக்கு ஒரு கண்ணில் திரை கட்டியிருக்கும். அவன் இடப்பக்கம் பார்த்து நிற்கும்போது ஒரு கண்ணிலும், வலப்பக்கம் திரும்பினால் மறு கண்ணிலும் அந்தத் திரை இருக்கும். ஒரே படத்தைப் புரட்டிக் காட்டியதன் விளைவு. இன்னொரு தொகுதிப் படங்களுக்கு வேண்டிய சில்லுகளின் விலையை அந்த ஒரு குறிப்பு மிச்சப்படுத்தியது.

56 முனைகள்

தொடக்க காலத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒவ்வொரு வகை இணைப்பு. கடைக்காரர் ஆட்டத்தை மாற்றும்போதெல்லாம் பெட்டியின் வயர்களை எல்லாம் மாற்றிப் பிணைக்க வேண்டியிருந்தது. ஜப்பானியக் கேளிக்கை இயந்திரத் தயாரிப்பாளர் சங்கம் 1985-ல் ஒரு பொது இணைப்பை வகுத்தது. சங்கத்தின் பெயர்ச் சுருக்கமே அதற்கும் பெயராகி, ‘ஜாமா’ என்று நிலைத்தது. போர்டின் ஓரத்தில் மேல்பக்கம் 28, அடிப்பக்கம் 28 என்று 56 செம்பு முனைகள். 5 வோல்ட், 12 வோல்ட், பூமி இணைப்பு, சிவப்பு, பச்சை, நீலம், கோட்டையும் சட்டகத்தையும் ஒத்திசைக்கும் சிங்க் சமிக்ஞை, ஒலிபெருக்கி, காசு, இரண்டு பேருக்கான கைப்பிடியும் பட்டன்களும் என ஒவ்வொன்றுக்கும் அதில் நிரந்தர இடம் உண்டு.

வீட்டில் ஆடுகிறவருக்கு ஜாமா பெரிய வரம். ஒருமுறை வயர் கட்டிவிட்டால் ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்கு அதுவே போதும். பட்டன் இணைப்பும் எளிது: ஒவ்வொரு முனையையும் போர்டு உயர் மின்னழுத்த நிலையில் பிடித்து வைத்திருக்கும், பட்டன் அதைப் பூமி இணைப்போடு சேர்த்தால் அழுத்தியதாகக் கொள்ளும். ஒரு பட்டனுக்கு இரண்டு வயர். வேறு மின்பொருள் எதுவும் வேண்டாம்.

ஜாமாவில் ஆளுக்கு மூன்று பட்டன்களுக்கே இடம். ஆறு பட்டன் கேட்கும் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-க்குக் கூடுதலாக ஓர் இணைப்பு வேண்டும். முஸ்தபாவுக்கு அடி, குதி என்று இரண்டே பட்டன்கள். இரண்டு பேர் ஆடுவதானால் ஜாமா மட்டுமே போதும். குறைந்த செலவில் தொடங்குகிறவருக்கு அது நல்ல தேர்வு.

பழைய பொருட்களால் ஒரு சூப்பர்கன்

முதலில் மின்சாரம். பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். போதுமானது. அதன் பச்சை வயரைக் கருப்பு வயரோடு இணைத்தால் கம்ப்யூட்டர் இல்லாமலே இயங்கும். சிவப்பு வயர் 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட். சில பழைய போர்டுகளின் ஒலிப்பகுதி மட்டும் மைனஸ் 5 வோல்ட் கேட்கும். அது பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் வெள்ளை வயரில் கிடைக்கும். சிபிஎஸ்-1 போர்டுகளுக்கு அது வேண்டாம்.

இங்கே பலரும் சறுக்குவது வயரின் தடிமனில். போர்டில் உள்ள சில்லுகள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான் தாங்கும். போர்டு 4 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய வயரும் தளர்ந்த இணைப்பும் சேர்ந்து 0.1 ஓம் தடை தந்தால் போதும். ஓம் விதிப்படி 0.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 5 வோல்ட் காட்டும் மல்டிமீட்டர் போர்டின் ஓரத்தில் 4.6 காட்டும். ஆட்டம் தொடங்காது, அல்லது நடுவில் குழம்பி நிற்கும். போர்டு கெட்டுவிட்டதென்று கழித்துக்கட்டுவதற்கு முன், அளவைப் போர்டின் முனையிலேயே எடுத்துப் பார்க்க வேண்டும். 5 வோல்ட்டுக்கும் பூமி இணைப்புக்கும் ஜாமாவில் பல முனைகள் ஒதுக்கியிருப்பது இதற்காகத்தான். எல்லாவற்றுக்கும் வயர் கொடுப்பது நல்லது.

அடுத்தது ஒலி. ஜாமா போர்டிலேயே ஆம்ப்ளிஃபயர் உண்டு. எட்டு ஓம் ஒலிபெருக்கியை நேரே இணைத்தால் போதும். அதன் இரண்டு வயர்களில் எதையும் பூமி இணைப்போடு சேர்க்கக் கூடாது. பல போர்டுகளில் இரண்டிலுமே சமிக்ஞை ஓடும்.

கடைசியாகப் படம். போர்டு மூன்று நிறங்களையும் தனித்தனி வயரில் தருகிறது. பேக்-மேன் போன்ற பழைய போர்டுகளில் சிவப்பு நிறத்தின் அடர்த்தியைத் தீர்மானிப்பவை 1,000, 470, 220 ஓம் மதிப்புள்ள மூன்றே மின்தடைகள். எந்தெந்தத் தடை வழியாக மின்னோட்டம் போகிறது என்பதைப் பொறுத்து எட்டு விதச் சிவப்பு கிடைக்கும். பெட்டித் திரைக்கென்று தயாரானதால் இந்தச் சமிக்ஞை வலுவாக இருக்கும். வீட்டுக் கருவிகள் எதிர்பார்ப்பதோ 0.7 வோல்ட். நடுவில் தடைகள் வைத்துக் குறைக்க வேண்டும். பிறகு மூன்று நிறத்தையும் ஒரே வயரில் கலக்கும் சிறிய என்கோடர் பலகை. ஏடி725 போன்ற சில்லுகள் இதைச் செய்கின்றன. அதிலிருந்து வரும் மஞ்சள் வயர் டிவியின் பின்புறத்து ஏ.வி. துளைக்குப் போகும். நிறங்கள் ஒரே வயரில் கலப்பதால் ஓரங்கள் கொஞ்சம் மழுங்கும். ஆனால் வேகம் குறையாது, கருங்கோடுகளும் அப்படியே நிற்கும். நொடிக்கு 50 தடவைக்குப் பதில் 60 தடவை வரும் சட்டகத்தையும் 2000-களில் வந்த குழாய் டிவிகள் பெரும்பாலும் தாமே கண்டுகொள்ளும்.

நிறங்களைத் தனித்தனியே டிவிக்குள் செலுத்த அதன் பின்மூடியைத் திறக்கும் ஆசை யாருக்கும் வரும், வேண்டாம். படக்குழாயின் மேல் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும். பல டிவிகளில் உள் பலகையே வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். அனுபவமுள்ள டிவி மெக்கானிக் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

பட்டன்கள், கைப்பிடி, ஜாமா முனை, என்கோடர் போன்றவற்றுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. ஆம்பூரிலிருந்து ரயிலில் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம். மற்றவை எல்லாம் உள்ளூர்க் காயலான் கடையிலும் பரணிலும் கிடைக்கும். உண்மையான செலவு போர்டுக்குத்தான். அதிலும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நம் ஊர்க் கடைகளுக்கு வந்தவற்றில் நகல் போர்டுகள் ஏராளம். முஸ்தபாவின் அசல் போர்டில் ‘கியூசவுண்ட்’ என்ற தனி ஒலிச் சில்லு உண்டு. நகல்கள் சிலவற்றில் அது இல்லாமல் மலிவான ஒலிச் சில்லு இருக்கும். இசை தட்டையாகக் கேட்கும். அசல் விலை கொடுத்து நகலை வாங்காமல் இருக்க, படங்களைப் பார்ப்பதோடு நிற்காமல் ஒலியையும் கேட்டுப் பார்ப்பது நல்ல வழி.

போர்டுக்கும் ஆயுள் உண்டு

அசல் போர்டு ஒவ்வொன்றும் முதுமை அடைந்துகொண்டிருக்கிறது. நிரல் இருக்கும் ஈப்ரோம் சில்லுகளில் ஒவ்வொரு பிட்டும், மின்காப்பு சூழ்ந்த ஒரு சிறு தீவில் அடைபட்ட எலக்ட்ரான்களின் கூட்டம். பல பத்தாண்டுகளில் அவை மெல்லக் கசியும். சில்லின் மேல் இருக்கும் கண்ணாடிச் சாளரத்தில் புற ஊதா ஒளி பட்டால் விரைவாக அழியும். அதனால்தான் அங்கே ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்கள். அது உரிந்திருந்தால் உடனே மறைக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தை நிறுவனங்களே வைத்தன. நகல் எடுப்பதைத் தடுக்க நிரலைப் பூட்டி, பூட்டின் திறவுகோலைப் பேட்டரியால் உயிரோடிருக்கும் நினைவகத்தில் வைத்தார்கள். முஸ்தபா போர்டின் ஒலியை நடத்தும் ‘கபுகி’ என்ற சில்லு அப்படிப்பட்டது. 1993-ல் வந்த சிபிஎஸ்-2 வரிசையில் ஆட்டத்தின் நிரலே அந்தப் பூட்டுக்குள். பேட்டரி தீர்ந்தால் திறவுகோல் மறையும். போர்டு தன் நிரலையே படிக்க முடியாமல் முடங்கும். பேட்டரியில் கைவைத்துத் தவறவிட்டாலும் அதே கதி. உலகெங்கும் நல்ல நிலையில் இருந்த போர்டுகள் இப்படி ஊமையாயின.

அவற்றை மீட்டவர்கள் ஆர்வலர்கள். இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் ‘மேம்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். பழைய போர்டுகளின் செயல்பாட்டைச் சில்லு சில்லாக ஆராய்ந்து கம்ப்யூட்டரில் அப்படியே நடத்திக் காட்டும் முயற்சி அது. 2007-ல் அவரும் ஆண்ட்ரியாஸ் நாய்வ் என்பவரும் சிபிஎஸ்-2 பூட்டின் கணித முறையைக் கண்டறிந்தார்கள். பின்னர் எத்வர்தோ குருஸ் உள்ளிட்டோரின் ஆய்வால், முடங்கிய போர்டுக்கே திறவுகோலைத் திரும்ப ஊட்டும் வழியும் 2016-ல் கிடைத்தது. இன்று புதிய பேட்டரியும் சின்னஞ்சிறு அர்டுயினோ பலகையும் இருந்தால் முடங்கிய சிபிஎஸ்-2 போர்டை எழுப்பிவிடலாம்.

ஆகவே மென்பொருளில் ஆடுகிறவரையும் அசல் போர்டில் ஆடுகிறவரையும் எதிரெதிரே நிறுத்துவதில் பொருள் இல்லை. மேம் செய்த ஆவணப்படுத்தல் இல்லாவிட்டால் பழுதான போர்டில் எந்தச் சில்லில் என்ன இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அசல் போர்டு ஓடிக்கொண்டிருக்காவிட்டால், கம்ப்யூட்டரில் நடப்பது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. ஒன்று மற்றொன்றுக்கு உரைகல்.

பாலாற்றங்கரையில் இது ஏன் முக்கியம்

தொழிற்சாலைக் கழிவு ஒரு நிலத்தை என்ன செய்யும் என்பதை வேலூர் வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் பதனிடும் குரோமிய உப்பும் கழிவுநீரும் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வரலாறு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலூர் குடிமக்கள் நலக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு வருமுன்னே காக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது.

அதே கவனம் பழைய டிவிக்கும் தேவை: படக்குழாயின் புனல் போன்ற பின்பகுதிக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. எக்ஸ் கதிர்கள் வெளிவராமல் தடுக்க அது தேவைப்பட்டது. பழைய போர்டுகளின் பற்றவைப்புகளும் வெள்ளீயமும் ஈயமும் கலந்தவை. பரணில் இருக்கும்வரை அவற்றால் கேடில்லை. செம்புக்காகச் சுருளை உருவிக்கொண்டு, கண்ணாடியை உடைத்து ஆற்றோரம் கொட்டினால், குரோமியம் பட்ட மண்ணில் ஈயமும் சேரும். ஓடுகிற டிவியை ஓடவைத்துப் பயன்படுத்துவது அந்த நாளைத் தள்ளிப்போடுகிறது. ஓடவே ஓடாததை மின்னணுக் கழிவைப் பிரித்தெடுக்க அனுமதி பெற்ற நிலையத்துக்குத்தான் தர வேண்டும்.

நம்மிடம் இன்னும் இருக்கும் மற்றொரு செல்வம் கைத்திறன். குழாய் டிவியின் கோட்டுவேகத்தைக் காதால் கேட்டே பழுது சொன்ன மெக்கானிக்குகள் வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருக்கிறார்கள். பலர் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஓம் விதியும் நினைவகமும் எண்மக் கணக்கும் ஒத்திசைவும் பாடமாக இருக்கின்றன. அந்தப் பாடங்கள் அனைத்தும் ஒரே மேசையில் வேலை செய்வதைக் காட்ட ஒரு ஜாமா போர்டும் ஒரு பழைய டிவியும் போதும். அளந்து, தவறைக் கண்டு, பற்றவைத்து, ஆட்டம் ஓடுவதைப் பார்த்த பிள்ளைக்கு மின்சுற்று மேல் இருக்கும் பயம் போய்விடும்.

ஆகவே இதில் இறங்க நினைப்பவர் போர்டைத் தேடுவதற்கு முன் பரணைப் பாருங்கள். டிவி இருந்தால் தூசி தட்டி, தெருமுனை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள். அவர் அதைத் திறக்கும்போது உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வைத்து, எது ஆபத்து, எது பாதுகாப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். போர்டை எப்போது வேண்டுமானாலும் எந்த நாட்டிலிருந்தும் வரவழைக்கலாம். நொடிக்கு 15,625 கோடு வரையும் புதிய டிவியை எந்தத் தொழிற்சாலையும் இனி நமக்குச் செய்து தரப்போவதில்லை.